நீங்களே அமுக்குங்க

"நீங்களே அமுக்குங்க" என்று சொல்லி ஆதிலட்சுமி மவுஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். திரையில் என் பட்டா விண்ணப்பம். பெயர், அப்பா பெயர், சர்வே எண் எல்லாம் அவரே தட்டியது. ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. ஆனால் கடைசியில் இருக்கிற அந்தப் பச்சைப் பொத்தானை மட்டும் அவர் தொட மாட்டார். அது விண்ணப்பதாரர் வேலை. கண் மங்கிய பெரியவராக இருந்தாலும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மவுஸின்மேல் வைப்பார். "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் கடைக்காரம்மாதான் அமுக்கிச்சுன்னு சொல்லக்கூடாது பாருங்க" என்பார். இந்தப் பத்து வருடத்தில் அப்படி யாரும் வந்து சொன்னதில்லை. இருந்தாலும் அவர் கை மேசைக்கு அடியில்தான் இருக்கும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், டீக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடி இடம் அவருடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள் என்பதால் காலை ஏழு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். ஆதிலட்சுமிக்கு முகம் ஞாபகம் இருக்காது, பிறந்த தேதி ஞாபகம் இருக்கும். இரண்டாம் தடவை நான் உள்ளே நுழைந்ததும் "நீங்க ஜூன் அஞ்சுதானே?" என்று கேட்டு என்னைத் திடுக்கிட வைத்தார். இந்த ஜில்லாவில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்களாம், பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் புண்ணியத்தில்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஹால் டிக்கெட்டில் போட்டோ ஒட்டுகிற வேலையை யாரிடமும் விட மாட்டார். கோந்தைத் துளியாக வைத்து, போட்டோவைப் பதித்து, நான்கு மூலையிலும் கட்டைவிரலை ஊன்றி, ஒவ்வொரு மூலைக்கும் பத்து எண்ணுவார். உதடு மட்டும் அசையும். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் பத்து பத்துதான். "மூலைதான் சார் மொதல்ல எழும்பும். நடுவுல எவ்ளோ தடவினாலும் பிரயோசனம் இல்ல."

பிரிண்டர் பக்கத்தில் ஒரு பழைய ஸ்வீட் டப்பா இருக்கிறது. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வராதவங்க டப்பா'. ஹால் டிக்கெட் எடுத்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று போனில் சொல்லிவிட்டு வராமலே போனவர்களின் காகிதங்கள் அதில் கிடக்கின்றன. தேர்வு முடிந்து மாதங்கள் ஆனாலும் அவர் அவற்றைக் கிழித்துப் போடுவதில்லை. ஒருநாள் எட்டிப் பார்த்தேன். போலீஸ் தேர்வு, ஆசிரியர் தேர்வு, நர்சிங் தேர்வு. எல்லாவற்றிலும் போட்டோவில் இருப்பவர்கள் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கிறார்கள்.

என் பட்டா விஷயம் இரண்டு மாதமாக இழுத்தது. என் அப்பாவின் பெயர் வேங்கடசுப்பராயன். திரையில் அப்பா பெயருக்கான கட்டம் 'வேங்கடசுப்'போடு நின்றுவிடும். பத்திரத்தில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் ஒரு பெயர் என்று திருப்பி அனுப்புவார்கள். நான் மறுபடி வருவேன், கத்துவேன். கத்துவது என் சுபாவம், அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆதிலட்சுமி கத்தி நான் கேட்டதில்லை. "இருங்க சார், கீழ குறிப்புல முழுப் பேரையும் போட்டுப் பாக்கலாம்" என்பார்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அப்படிப் போயிருந்தபோது, மவுஸை என் பக்கம் நகர்த்தி, "சார், இந்த ஒண்ணை அமுக்குங்க" என்றார். என்னுடையதுதான் என்று நினைத்து அமுக்கினேன். திரையில் 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று வந்த பிறகுதான் ஓரத்தில் இருந்த போட்டோவைக் கவனித்தேன். மாலையும் கழுத்துமாக இருந்த கல்யாணப் படத்தில், மாலை தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தது போல இருந்தது. அது ஆதிலட்சுமியின் முகம். எம்.சி.ஏ. படிப்புக்கான நுழைவுத் தேர்வு.

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. செய்யக்கூடாததைச் செய்துவிட்ட குழந்தை போல மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு நானே அமுக்க கை வரல சார்" என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்துப் பெண். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவுடன் கல்யாணம், பிறகு இந்தக் கடை, பிறகு மகள் மதிவதனி. வயது முப்பத்தொன்று. கணவர் வேணு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மனைவி படிக்கப் போவதை அவர் தடுப்பார் என்று நான் நினைத்தேன். விஷயம் நேர் எதிர். "அவருகிட்ட சொன்னா தடுக்க மாட்டாரு சார். சந்தோஷத்துல வேன்ல ஏறுற புள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கெல்லாம் சொல்லிடுவாரு. அப்புறம் நான் பெயிலாயிட்டா அத்தனை பேரும் துக்கம் விசாரிக்க வருவாங்க."

எதற்கு எம்.சி.ஏ. என்று கேட்டேன். விரலால் திரையைத் தட்டிக் காட்டினார். "பத்து வருஷமா இந்தக் கட்டத்துல அடுத்தவங்க பேரைப் போட்டுனு இருக்கேன். இந்தக் கட்டத்த எங்கியோ ஒருத்தர் உக்காந்து செய்றாங்க இல்ல? அப்பா பேருக்கு ஏன் இவ்ளோ கம்மியா எடம் வுட்டீங்கன்னு அவங்களைக் கேக்கணும். இல்லைன்னா நான் அந்த எடத்துல உக்காந்து, கட்டத்தப் பெருசாப் போடணும்." என் அப்பாவுக்காக வாதாட இத்தனை வருடத்தில் ஒருவர் கிடைத்தார் என்று எனக்குத் தோன்றியது.

அவர் படிக்கிற முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புத்தகம் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். வாடிக்கையாளர் போனுக்கு ஓ.டி.பி. வர நேரமானால் ஒரு கணக்கு. சர்வர் படுத்துக்கொண்டால் ஒரு பக்கம். ஊரே சர்வரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் தலையைக் குனிந்து பேனாவை எடுப்பார். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் எவ்வளவு முடித்தீர்கள் என்று கேட்டதற்கு, மிகவும் வருத்தமாக, "இந்த மாசம் சர்வர் நல்லா வேலை செய்யுது சார். ஒண்ணுமே படிக்க முடியல" என்றார்.

மே மாதம் பிறந்தது. தேர்வு ஞாயிற்றுக்கிழமை, வேலூரில், காலை பத்து மணிக்கு. அந்த வாரம் ஆதிலட்சுமி சரியாக இல்லை. பிரிண்டரில் காகிதம் வைக்காமல் பிரிண்ட் கொடுத்தார். ஜெராக்ஸ் எடுத்த ஆதார் அட்டையை மிஷினிலேயே விட்டுவிட்டு, அது எங்கே என்று அதைக் கொடுத்தவரிடமே கேட்டார். புதன்கிழமை சின்னசாமி என்ற பெரியவர் முதியோர் ஓய்வூதியத்துக்கு வந்திருந்தார். பல்லில்லாத வாயோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். எல்லாம் நிரப்பி, அவர் கையை மவுஸில் வைத்து அமுக்க வைத்தால், 'தகுதியான வயது எட்டப்படவில்லை' என்று சிவப்பில் வந்தது. ஆதிலட்சுமி திரையை உற்றுப் பார்த்தார். சின்னசாமியின் பிறந்த தேதிக் கட்டத்தில் தன் பிறந்த தேதியைப் போட்டிருந்தார். பெரியவர் சிரித்துவிட்டு, எனக்கு முப்பத்தொண்ணா, நல்லதுதானே என்றார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடத்தில் முதல் தப்பு என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்த முட்டாள்தனமான யோசனையைச் சொன்னேன். இவ்வளவு பதற்றமாக இருக்கிறதே, தயாராகவும் இல்லை என்கிறீர்களே, பேசாமல் அடுத்த வருடம் எழுதினால் என்ன என்று கேட்டேன். ஆதரவாகச் சொல்வதாகத்தான் எனக்கு நினைப்பு.

அவர் வராதவங்க டப்பாவை எடுத்தார். அடியிலிருந்து இரண்டு காகிதங்களை உருவி என் முன்னால் வைத்தார். இரண்டிலும் அதே கல்யாணப் போட்டோ. ஒன்று போன வருடத்தியது, ஒன்று அதற்கு முந்தின வருடத்தியது. முதல் வருடம் மதிவதனிக்கு அம்மை போட்டிருந்தது. "அது நெஜம்தான் சார். ஆனா பரீட்சை அன்னிக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. புள்ளை வெளிய வெளையாடுது." இரண்டாவது வருடம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கிறார். "நான் போறதுக்குள்ள வேலூர் பஸ்ஸ எடுத்துட்டாங்க. அடுத்த பஸ்ஸு பத்து நிமிஷத்துல இருந்துச்சு. நான் ரெண்டு முழம் பூ வாங்கினு வீட்டுக்கு வந்துட்டேன்."

காகிதங்களை மறுபடி டப்பாவின் அடியில் வைத்தார். "இந்தத் தடவையும் போகலன்னா இனிமே அப்ளை பண்ண மாட்டேன் சார். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இருபத்து மூன்று வயதில் நானும் ஒரு தேர்வுக்குப் போகாமல் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டவன். காய்ச்சல் இல்லை. அதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை சிந்துஜா என்ற பெண் வந்தாள். இந்த வருடம்தான் டிகிரி முடித்தவள். அதே தேர்வு, அதே மையம். ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "போகலைன்னு இருக்கேன்கா. பாதிகூடப் படிக்கல. சும்மா போய் உக்காந்துட்டு வர்றது அசிங்கம்" என்றாள்.

ஆதிலட்சுமி காகிதத்தை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கினார். "பாதி படிச்சிருக்க இல்ல? அந்தப் பாதிய எழுதிட்டு வா. உள்ள போறதுக்கு முன்னாடியே எதுக்கு நீயே மார்க்கு போட்டுக்கற?" என்று சொல்லிக்கொண்டே போட்டோவை ஒட்ட ஆரம்பித்தார். ஒரு மூலை, இரண்டு மூலை. சொல்லும்போது அவர் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து எனக்கே தேர்வு எழுத வேண்டும் போல இருந்தது.

"நீங்களா இருந்தா போவீங்களாக்கா?" என்று சிந்துஜா கேட்டாள். வேண்டுமென்றே கேட்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆதிலட்சுமியின் கட்டைவிரல் மூன்றாவது மூலையில் நின்றுவிட்டது. எண்ணிக்கை பத்தைத் தாண்டியிருக்கும். "எட்டரைக்குள்ள உள்ள போயிடணும். ஆதார் அட்டை எடுத்துக்கோ. கையெழுத்து இப்பப் போடாத, ஹால்லதான் போடணும்" என்று ஹால் டிக்கெட்டில் இருப்பதையே படித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவள் போன பிறகு என்னைப் பார்த்து, "எம் பக்கத்து பெஞ்சியிலயே இந்தப் பொண்ணு உக்காந்திருந்தா இன்னா சார் பண்றது?" என்றார்.

சனிக்கிழமை மாலை போனபோது முடிவு தெரிந்துவிட்டது. போகல சார் என்றார். நாளைக்குச் சித்ரா பௌர்ணமி, கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும், பஸ் கிடைக்காது என்பது காரணம். எனக்குச் சிரிப்பு வந்தது. பௌர்ணமிக்காக வேலூர் ரோட்டுக்குப் போடுகிற தற்காலிக பஸ் நிலையம் அவர் கடைக்கு நேர் எதிரில், கலெக்டர் ஆபீசை ஒட்டித்தான். மூன்று நாளாகச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பௌர்ணமி நேரம் பிறப்பதே ஞாயிறு ராத்திரி. ஊரே உள்ளே வருகிற காலையில், வெளியே போகிற பஸ் காலியாகத்தான் போகும். இது எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடையை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்தால் பஸ். அதைச் சொன்னேன்.

"அது போறதுக்கு சார். வர்றதுக்கு?" என்றார். பிறகு தானே அதை விட்டுவிட்டு, கீபோர்டுக்கு அடியிலிருந்து புத்தகத்தை இழுத்தார். "ரெண்டு சேப்டர் தொடவே இல்ல. ப்ராபபிலிட்டின்னு ஒண்ணு வருது. அதுல சீட்டுக்கட்டுலேந்து கேக்கறான் சார். ஒரு கட்டுல ஆட்டின் எத்தினி, ராஜா எத்தினின்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல பொம்பளைங்க சீட்டுக்கட்டைக் கையால தொட்டதில்ல. அவருக்குத் தெரியும், ஆனா அவரைக் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு."

வீணாய்ப்போன ஜெராக்ஸ் காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் நான் வரைந்து காட்டினேன். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். ஒவ்வொன்றிலும் பதின்மூன்று, மொத்தம் ஐம்பத்திரண்டு. ஜாக்கியும் ராணியும் எந்த வரிசை என்று எனக்கே நடுவில் குழம்பி, அடித்துத் திருத்தினேன். அவர் அதை வாங்கி நான்காக மடித்துப் பர்சில் வைத்தார். வைத்துவிட்டு, "நான் போகல சார்" என்று மறுபடியும் சொன்னார். நாளைக்குக் கூட்டம் வரும், போனுக்கு சார்ஜ் போடவும் பிரிண்ட் எடுக்கவும் ஆள் நிற்கும், கடை திறக்கத்தான் வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நடைப்பயிற்சி எனக்குப் பழக்கமில்லை என்று வீட்டுக்குத் தெரியும். ரோட்டில் தண்ணீர் லாரி, போலீஸ்காரர்கள், அன்னதானப் பந்தலில் அடுப்புப் புகை. வேலூரிலிருந்து வருகிற பஸ்களில் படிக்கட்டுவரை ஆட்கள். எதிரில் வேலூர் போகும் பஸ் ஒன்று, விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு மூன்று தலைகளோடு நின்றிருந்தது.

ஆதிலட்சுமியின் கடை ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே ட்யூப்லைட் எரிந்தது.

எனக்கு மனசு விட்டுப்போனது. கடையைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான், டப்பாவில் மூன்றாவது காகிதம் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். பிரிண்டர் சத்தம் கேட்டது. விடிவதற்குள்ளேயே எவனோ ஒருவன் பிரிண்ட் எடுக்க வந்திருக்கிறான் என்று அவன்மேல் எரிச்சல் வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால் உள்ளே வேறு யாரும் இல்லை. ஆதிலட்சுமி ஒரு தாளையும் கோந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தோளில் பை. கையில் கண்ணாடிக் கவர், அதற்குள் ஹால் டிக்கெட். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"ரெண்டு சேப்டர் அப்படியேதான் கிடக்குது சார்" என்றார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். சாவி ஒருமுறை கீழே விழுந்தது. தாளைப் பூட்டுக்கு மேலே வைத்துப் பிடித்தபோதுதான் அதில் இருந்ததைப் படித்தேன். கறுப்பாக, பெரிய எழுத்தில், ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரிகிற மாதிரி:

'நுழைவுத் தேர்வு எழுதப் போயிருக்கிறேன். திங்கட்கிழமை கடை உண்டு. – ஆதிலட்சுமி.'

இன்னும் ஒரு மணி நேரத்தில் வேணு கிரிவலத்துக்கு ஆள் ஏற்றிய வேனோடு இந்த வழியாகத்தான் வருவார். டீக்கடைக்காரர் படிப்பார், டயர் கடைக்காரர் படிப்பார், கிரிவலத்துக்கு வருகிற அத்தனை ஜனமும் படிக்கும். எதிரில் பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். கண்டக்டர் வேலூர், வேலூர் என்று கடைசித் தடவையாகக் கூவினார். நான் பதறிப்போய், நீங்கள் ஓடுங்கள், நான் ஒட்டிக்கொள்கிறேன் என்று தாளைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"விடுங்க சார். நானே அமுக்கிக்கிறேன்" என்றார்.

ஒரு மூலை, பத்து. இரண்டாவது மூலை, பத்து. மூன்றாவது மூலையில் விரல் இருக்கும்போது விசில் கேட்டது. ஆதிலட்சுமி திரும்பி, நான் அதுவரை கேட்டிராத உரத்த குரலில், "இருங்க, வர்றேன்" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார். பிறகு நான்காவது மூலையில் கட்டைவிரலை ஊன்றி, உதடு அசைய, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.